தம்பலகாமத்துப் பழைய வயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில், தம்பலகாமத்தில், பழைய நெல்வயல் ஒன்றை விதைப்பு நிற்காமல் செய்துகொண்டு, பாடசாலைப் பிள்ளைகளும் பொதுமக்களும் வந்து பழகும் இடமாகவும் வைத்திருக்கிறோம். இலாப நோக்கமில்லாத சின்னக் குழு இது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அக்கம்பக்கத்துக் கமக்காரர்களும் சில இளம் பிள்ளைகளும் இருக்கிறோம். தொலைபேசியிலும் வரம்பிலும் கோயில் வீதியிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

இது வயலா, நூதனசாலையா?

வயல்தான். பெரும்போகமும் (மழைக்காலப் பயிர்) தண்ணீர் கிடைத்தால் சிறுபோகமும் (கோடைப் பயிர்) செய்கிறோம். நெல் விளைகிறது, விற்கிறோம், எல்லாரையும் போல நட்டப்படுகிற போகமும் உண்டு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். விதைநெல்லை ஒரு போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்தால், நம்முடைய வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஓரிரு வருடத்தில் முளைப்புத்திறன் போய்விடும். பார்க்க நெல் மாதிரியே இருக்கும், ஆனால் முளைக்காது. வரம்பும் அப்படித்தான். ஒரு போகம் கட்டாமல் விட்டால் நண்டு வளை வைக்கும், எலி தோண்டும், மழைக்கு உடையும். நான்கைந்து போகம் விட்டால் வரம்பு எங்கே ஓடியது என்று அந்த வயலில் பிறந்து வளர்ந்தவருக்கே தெரியாது. இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் இந்த ஊரில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். பற்றை மூடிய காணிக்குள் நின்று, ஒரு பழைய மருத மரத்தை வைத்து எல்லையைக் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் முதலில் விதைக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

ஏன் தம்பலகாமம்?

இங்கே வயலும் குளமும் கோயிலும் ஒரே கதைக்குள் கிடக்கின்றன. நம் வயலுக்கு வரும் தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்தைக் கட்டியது 7ஆம் நூற்றாண்டு அரசனான இரண்டாம் அக்கபோதி என்று சிங்கள வரலாற்று மரபு சொல்கிறது. குளக்கோட்டு மன்னன் கட்டினான், கோணேசர் கோயிலுக்கு வயலும் ஊழியமும் ஏற்படுத்தி, தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளை அமர்த்தினான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் சொல்கிறது. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் கந்தளாயில் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு மரபையும் சொல்கிறோம். குளத்தைத் திருத்தியவர்களிலும் பல கைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் மறுபடி திருத்திக் கட்டினார்கள்.

1620களில் திருகோணமலையில் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பிறகு, மூர்த்தங்களில் சிலவற்றை மறைத்துக் கொண்டுவந்து வழிபட்ட இடம் தம்பலகாமம் என்பது ஊர் வழக்கு. ஆதிகோணநாயகர் கோயில் அப்படி எழுந்தது. கோயிலுக்கு நெல் கொடுத்த வயல்கள், அந்த வயல்களைச் செய்த குடிகள், தண்ணீர் திறந்துவிட்ட துருசு, எல்லாம் ஒரு நாள் நடையில் பார்க்கக்கூடிய ஊர் இது. இப்படி ஓர் இடத்தில் பாடம் சொல்ல வேறு கண்காட்சிப் பொருள் தேவையில்லை.

எங்கள் வயல் எத்தனை வருடப் பழமை?

வருடக் கணக்குச் சொல்ல மாட்டோம். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம் செய்த காணி என்பது மட்டும் உறுதி. பழமை என்று நாங்கள் காட்டுவது செய்முறையை: வாய்க்கால் ஓடும் வழி, களவெட்டி (சூடு மிதிக்கும் களம்) இருக்கும் மேடு, வாடி (வயல் குடில்) அமைந்த திசை.

பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வார்கள்?

எந்த மாதம் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவை வருவதைவிட, ஒரே வகுப்பு ஒரு போகத்துக்குள் மூன்று தடவை வருவதை விரும்புகிறோம். உழவுக்கு ஒரு தடவை, கதிர் பால்கட்டும்போது ஒரு தடவை, வெட்டுக்கு ஒரு தடவை. ஆசிரியர்கள் பலர் முதலில் தயங்குவார்கள், பேருந்துச் செலவு பெரிய தடை. இருந்தாலும் மூன்றாம் முறை வந்த பிள்ளை தான் விதைத்த பாத்தியைத் தானே தேடிப் போகும். முதல் முறை வந்த பிள்ளை நிழலைத் தேடும்.

தை மாதத்தில் ஒரு தடவை நகரத்திலிருந்து தரம் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளை பச்சைக் கதிரிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினாள். வெள்ளையாகப் பால் வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது இனிக்குது, இதுதான் சோறாகுமா?" என்று கேட்டாள். மாச்சத்து, ஒளித்தொகுப்பு என்று அவள் ஏற்கெனவே புத்தகத்தில் படித்திருந்தாள். அன்றைக்குத்தான் அந்தச் சொற்கள் அவளுடைய விரல் நுனியில் வந்து நின்றன. மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு மணி நசுக்கிப் பார்த்ததில் ஒரு பிடி கதிர் வீணாகியிருக்கும். போகட்டும்.

வெட்டு நேரத்தில் வந்தால் அருவாள் பிடிக்கப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்போம். சின்னவர்கள் உப்பட்டி (வெட்டிய கதிர்க் கட்டு) கட்டவும் சுமக்கவும் உதவுவார்கள். பிறகு சூடு வைப்பதை, அதாவது கதிரைக் குவித்து அடுக்குவதைப் பார்ப்பார்கள். ஒரு சின்னக் களத்தில் எருமைகளை விட்டு மிதிப்பிக்கிறோம். மிதித்த வைக்கோலை வேலாகோல் என்னும் கம்பால் கிளப்பி உதறுவது ஒரு தனிக் கலை. எங்களோடு இருக்கும் பெரியவர் ஒருவர் உதறும்போது வைக்கோல் ஒரு பக்கம் போய் விழும், மணி நேராகக் காலடியில் கொட்டும். அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வோம். களத்துக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. அங்கே குவிந்ததை நெல் என்று சொல்லாமல் பொலி என்றே சொல்ல வேண்டும் என்றும் அவர் பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருப்பார். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்காமலே விளங்கிக்கொள்கிறார்கள்.

பிறகு தூற்றல். சிறுபோக நெல்லுக்குக் கச்சான் (தென்மேற்கு) காற்று நல்லாய் உதவும். பெரும்போகத்தில் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வராதா?

பெற்றோர் பயந்து கேட்பது நியாயமான கேள்வி. எலிக்காய்ச்சல் நெல்வயலில் உண்மையாகவே உள்ள ஆபத்து. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும், தோலில் உள்ள வெட்டுக்காயம், கீறல், கண், வாய் வழியாகத் தொற்றைக் கொண்டுபோகும்.

ஆகவே காலில் கையில் புண் உள்ள பிள்ளையைச் சேற்றில் இறக்க மாட்டோம், அன்றைக்கு வரம்பில் நின்று குறிப்பெடுக்கும் வேலை கொடுப்போம். வெளியே வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வாய்க்கால் தண்ணீரால் முகம் கழுவக்கூடாது. குழு வருவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்கிறோம். தொடர்ந்து வயலில் வேலை செய்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பதுண்டு. அதைப் பிள்ளைகளுக்குத் தாங்களாகக் கொடுக்காதீர்கள், வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அப்புறம், வயலுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தசைநோவு, கண் சிவத்தல் ஏதும் வந்தால், "பிள்ளை வயலில் இறங்கியது" என்ற ஒரு வசனத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு மருந்து தொடங்கினால் குணமாகும் நோய் இது.

என்ன நெல் விதைக்கிறீர்கள்?

பெரிய பகுதியில் பி.ஜி. 352, பி.ஜி. 300 போன்ற இனங்கள். இவை பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கேட்டுக் குழம்புவார்கள். எண்ணின் முதல் இலக்கங்கள் வயதைச் சொல்கின்றன: 300 என்றால் 3 மாதம், 352 என்றால் மூன்றரை மாதம். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் ஒரு சந்தோசம் வரும்.

ஒரு சின்னப் பகுதியில் பழைய இனங்கள் செய்கிறோம். பச்சைப்பெருமாள் அதில் முக்கியம், சிவப்பரிசி. பழைய நெல் உயரமாக வளரும், வைக்கோல் நிறையக் கிடைக்கும், மாட்டுக்கும் கூரைக்கும் உதவும். யூரியா கூடினால் மளமளவென்று வளர்ந்து கதிர் பாரத்தில் சாய்ந்து விழுந்துவிடும். புதிய இனங்களைக் கட்டையாக உருவாக்கியதற்குக் காரணம் இதுதான். ஆகவே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செய்கிறோம், ஒன்று மற்றதை விளக்குகிறது.

இதில் எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு போகம் கடைசி மழை வந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை, பச்சைப்பெருமாளை வெட்டு மெசின் விட்டு வெட்டினோம். மெசின் முதல் நாள் வேறு வட்டையில் (வயல்வெளியில்) வெட்டிவிட்டு வந்தது, உள்ளே ஒட்டிக் கிடந்த நெல்லைத் துப்புரவாக்க நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அடுத்த போகம் பூக்கும்போதுதான் தெரிந்தது. பயிருக்குள்ளே அங்கங்கே கட்டைப் பயிர், வேறு நிறக் கதிர். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும், காற்றில் கலப்பது குறைவு. எங்களுடையது முழுக்கக் கைத்தவறு. பிறகு விதைக்கென்று ஒதுக்கிய துண்டுக்குள் காலை, பின்னேரம் என்று இறங்கி, கலவன் பயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். அதற்கு மூன்று போகம் எடுத்தது. இப்போது விதைத் துண்டு எப்போதும் அருவாள் வெட்டுத்தான், மழை வந்தாலும் சரி.

விதை காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி இருக்கிறது. எங்கள் பெரியவர் அதை நம்பாமல் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் சரி, நசிந்தால் இன்னொரு வெயில். அவர் சரி என்ற நாள் ஈரமானியும் 13 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும்.

கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய தாவர மரபணு வளங்கள் நிலையத்தில் நாட்டின் பழைய நெல்லினங்கள் குளிரறையில் பாதுகாக்கப்படுகின்றன. அது மிகப் பெரிய வேலை. ஆனால் குளிரறை நெல்லை எந்தப் பிள்ளையும் நசுக்கிப் பார்க்க முடியாது.

அப்படியானால் இயற்கை விவசாயமா? உரமே போடுவதில்லையா?

பழைய இனத் துண்டில் சாணமும் தழையும் மட்டும். பெரிய பகுதியில் அளவாக உரம் போடுகிறோம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருட இறுதியிலேயே தடையை நீக்கியதை இங்குள்ள ஒவ்வொரு கமக்காரரும் தம் சட்டைப் பையால் அனுபவித்தார்கள். மண்ணைத் தயார்படுத்தாமல் ஒரு போகத்தில் மாற்ற முடியாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆகவே வருகிறவர்களிடம் இது நல்லது அது கெட்டது என்று பிரசங்கம் செய்வதில்லை. இரண்டு துண்டையும் காட்டி, செலவையும் விளைச்சலையும் கரும்பலகையில் எழுதிவைக்கிறோம். யூரியாவைக் கூட்டிப் போட்டு நெருக்கமாகவும் விதைத்தால் அறக்கொட்டியான் பூச்சி எப்படிப் பெருகும் என்பதையும் சொல்கிறோம்.

உழவு எருமையாலா, மெசினாலா?

இரண்டாலும். பெரும்பகுதி லாண்ட்மாஸ்டர் என்னும் இரண்டு சில்லு உழவு மெசின்தான். மாட்டு உழவு ஒரு துண்டில் மட்டும், அதுவும் மாடு இருப்பதால் முடிகிறது. மேய்ச்சல் தரை குறைந்துகொண்டே வருவதால் எருமை வளர்ப்பவர்கள் படும் கஷ்டம் பெரிது. ஏரும் நுகமும் ஊரில் செய்யத் தெரிந்த தச்சர்கள் அருகிவிட்டார்கள். ஒருவரிடமிருந்து இரண்டு இளம் பிள்ளைகள் இப்போது பழகுகிறார்கள், எங்களுக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

தண்ணீர் உங்கள் விருப்பத்துக்குக் கிடைக்குமா?

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடி, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து, எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் செய்வது என்று தீர்மானிப்பார்கள். வட்டைவிதானை வாய்க்காலைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். "எங்கள் கண்காட்சி நாளுக்குத் தண்ணீர் தாருங்கள்" என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. உயர்தர மாணவர்களை அனுமதி வாங்கி ஆரம்பக் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறோம். பகிர்ந்து வாழ்வது எப்படி என்பதை அங்கே நடக்கும் வாக்குவாதத்தில்தான் பார்க்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்களக் கமக்காரர்கள் ஒரே வாய்க்காலுக்காக ஒரே மண்டபத்தில் இருந்து பேசி ஒரு திகதிக்கு வருவார்கள்.

குளத்தைப் பற்றிச் சொல்லும்போது 1986 ஏப்ரல் 20ஐயும் சொல்கிறோம். அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளத்துக்கு மடைவைத்துப் பொங்குவதை வெறும் சடங்கென்று நினைத்த பிள்ளைகள், இதைக் கேட்ட பிறகு குளக்கட்டை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள்.

எப்போது வரலாம்?

உழவும் விதைப்பும் ஐப்பசி, கார்த்திகையில். பச்சை மார்கழி, தையில், ஆனால் வாடை மழை, குடை வேண்டும். வெட்டு மாசி, பங்குனியில். சிறுபோகம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணியில் வெட்டு, வெயில் கடுமை. தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுப்போம், முதல் கதிர் கோயிலுக்குப் போகும். அன்றைக்கு யாரும் வரலாம்.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்குத் திருகோணமலைப் புகையிரதம் வசதி. கல்லோயாச் சந்தியில் பிரிந்து வரும் பாதையில் தம்பலகாமத்திலும் நிலையம் உண்டு.

யானை வருமா?

வரும். அதனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு குழுக்களை வைத்திருப்பதில்லை. பரணில் இராக்காவல் இருக்க ஆசைப்படும் இளைஞர்கள் கேட்கிறார்கள், அனுமதிப்பதில்லை.

காணி யாருடையது? நாங்களும் காணி தரலாமா?

இந்தக் காணி உறுதிக்காணி, அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணி. குடும்பத்தவர்கள் நீண்டகாலக் குத்தகைக்கு எங்கள் குழுவுக்குத் தந்திருக்கிறார்கள். பரம்பரையாகச் செய்துவந்த குத்தகைக் கமக்காரர் தொடர்ந்து செய்கிறார், அவருடைய பங்கில் நாங்கள் கை வைப்பதில்லை.

காணி தர நினைப்பவர்கள் முதலில் அது உறுதியா, அனுமதிப்பத்திரமா என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி கைமாற்ற முடியாது, பிரதேச செயலகத்தில் பேச வேண்டும். இன்னொரு விடயம். பழைய வயலுக்குத் தொல்பொருள் சட்டம் பாதுகாப்புத் தரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசுகிறது. வருடத்துக்கு வருடம் கிடுகு மாற்றும் வாடிக்கு அது பொருந்தாது. வயலுக்கு உண்மையான காவல் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். அதன்படி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்கு மாற்றவோ முடியாது. உங்கள் வயல் கமநல சேவைகள் நிலையத்தின் நெற்காணி இடாப்பில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நெல் விற்ற காசு, சிவப்பரிசிப் பொதிகள், வெளிநாட்டில் உள்ள ஊரவர்கள் அனுப்புவது. அரச பாடசாலைப் பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை. கணக்கு வருடா வருடம் வாடிச் சுவரில் ஒட்டப்படும்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்கலாமா?

கட்டாயம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து கேட்டிருக்கிறார்கள். கட்டடம் கட்டப் பணம் தேடித் தொடங்காதீர்கள். ஊரில் மூத்த கமக்காரர் மூன்று பேரோடு ஒரு போகம் முழுக்க நடந்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருக்கும், வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் பெயர் இருக்கும். முதலில் அந்தப் பெயர்களைப் படமாக வரையுங்கள். நாங்கள் இதைப் பிந்தித்தான் தொடங்கினோம், அதற்குள் இரண்டு பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். வட்டையின் மேற்கு மூலையில் ஏழெட்டுத் துண்டுகளுக்கு இப்போது பெயர் இல்லை.

விதைநெல் கிடைக்குமா?

கிடைக்கும். விலைக்குக் கொடுப்பதில்லை. ஒரு கொத்து வாங்கினால் வெட்டு முடிந்ததும் ஒரு கொத்தும் ஒரு சுண்டும் (இரண்டும் பழைய நெல் அளவுகள், கொத்து பெரியது, சுண்டு சிறியது) திருப்பித் தர வேண்டும், பழைய வழக்கம். கலவன் எடுத்த நெல்லாக இருக்க வேண்டும். விளையாமல் போனால் வந்து சொல்லுங்கள், மறுபடி தருவோம். சொப்பிங் பேக்கில் மட்டும் கேட்காதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். துணிப்பையோ சின்னச் சாக்கோ கொண்டுவாருங்கள்.